மறு: கடிகார ஒத்திசைவு - இதுக்கு "முன்பின் மாறாமை"ன்னு தனிச் சொல் வேணும்

எல்லாருக்கும் வணக்கம்,

கணினிச் சொற்களுக்கு தமிழ்ப் பேர் தேடற இந்த இழையில நாலு நாளா "கடிகார ஒத்திசைவு" (கிளாக் சிங்க்ரனைசேஷன்)ன்ற சொல்ல வச்சே பேச்சு போயிட்டிருக்கு. நல்ல சொல்தான், நானும் பல எடத்துல எழுதியிருக்கேன், ஆனா ஒரு விஎம்முக்குள்ள (ஒரு மெஷினுக்குள்ள ஓடற மெய்நிகர் கணினி) இருக்கற பல செயலிகளோட (ப்ராசஸர்) கடிகார விஷயத்துக்கும் அதையே போட்டா ஆள தப்பான பக்கம் கூட்டிட்டுப் போயிடுது. எங்க ஆபீஸ்ல நடந்தத சொல்றேன். ஒரு விஎம்ல லாக் பாத்தா "பதில் வந்தது" நேரம் "கேள்வி போனது" நேரத்துக்கு முன்னாடி இருக்கு, கழிச்சா மைனஸ் வருது. ரெண்டு நாள் நெட்வொர்க் மேல பழிய போட்டு தேடினோம், புதுசா சேந்த பையன் ஒருத்தன் மொத நாளே கடிகாரமா இருக்குமான்னு கேட்டான், "என்டிபி (நெட்வொர்க் வழியா கடிகாரத்த வெளி நேரத்தோட சேத்து வைக்கற முறை) ஓடுது, ஒத்திசைவு எல்லாம் சரியா இருக்கு தம்பி"ன்னு சொல்லி அவன நானே அடக்கிட்டேன். அவன் கேட்டதுதான் சரி. ஒத்திசைவு இருந்தது, இல்லாம போனது வேற ஒண்ணு, அதுக்கு எங்கிட்ட பேர் இல்ல.

அந்த வேற ஒண்ணு என்னன்னு பஸ் ஸ்டாண்ட வச்சு சொல்றேன். அடுத்தடுத்து ரெண்டு ஸ்டாண்டு, ரெண்டுலயும் ஒரு டைம் கீப்பர், ரெண்டு பேர் வாட்சுக்கும் மூணு நிமிஷம் வித்தியாசம். மொத ஸ்டாண்ட்ல 9.05க்கு கெளம்பின பஸ் ரெண்டு நிமிஷத்துல அடுத்த ஸ்டாண்டுக்குப் போனா அங்க 9.04ன்னு எழுதுவாங்க, கெளம்பறதுக்கு முன்னாடியே வந்து சேந்த பஸ். இதே ரெண்டு ஸ்டாண்டுக்கும் நடுவுல பத்து நிமிஷ ஓட்டம் இருந்தா 9.12ன்னு விழும், அந்த மூணு நிமிஷ வித்தியாசத்த யாராலயும் கண்டுபிடிக்கவே முடியாது. ரெண்டு வாட்சும் சேந்து ரேடியோ டைமுக்கு கால் மணி பின்னாடி ஓடினாலும் பஸ்ஸுக்குள்ள சண்டை வராது. அதாவது இங்க கேள்வி வாட்ச் சரியா காட்டுதாங்கறது இல்ல, எது முன்னாடி எது பின்னாடிங்கற வரிசை கெடாம இருக்காங்கறது மட்டும்தான்.

பஸ்தான் ப்ரோக்ராம், டைம் கீப்பர்தான் விசிபியு, அதாவது விஎம்முக்குள்ள இருக்கற மெய்நிகர் செயலி. கெர்னல் (இயங்குதளத்தோட மையப் பகுதி) ஒரு ப்ரோக்ராம பாதியில ஒரு விசிபியுலேர்ந்து இன்னொண்ணுக்கு தூக்கி போடும், அங்க ஒரு தடவை நேரம் படிக்கும், இங்க ஒரு தடவை படிக்கும். லினக்ஸ் கெர்னல் பூட் ஆகறப்ப பண்ற சோதனையும் இதேதான், ரெண்டு செயலிய ஒரே பூட்டுக்கு போட்டி போட விட்டு, பூட்டு கெடச்சவன் டிஎஸ்சிங்கற எண்ணிய (கவுண்டர) படிக்கணும், முந்தினவன் படிச்சத விட கொறஞ்சு வந்துதுன்னா டிஎஸ்சிய நம்பாதேன்னு ஒதுக்கி வச்சிடும்.

டிஎஸ்சி தெரியாதவங்களுக்கு: 1993ல வந்த பெண்டியம்லேர்ந்து இன்டெல் செயலிகள்ல இருக்கற 64 பிட் எண்ணி, துடிப்புக்கு ஒண்ணுன்னு ஏறிக்கிட்டே போகும். விஎம்ல கெஸ்ட் (உள்ள ஓடற சிஸ்டம்) படிக்கறது அந்த எண் அப்படியே இல்ல, ஒவ்வொரு விசிபியுவுக்கும் ஹோஸ்ட் (விஎம்ம ஓட்டற மெஷின்) வச்சிருக்கற ஒரு ஆஃப்செட் கூட்டி வர்ற எண். ஓடற விஎம்ம நிறுத்தாம வேற மெஷினுக்கு மாத்தற லைவ் மைக்ரேஷன்ல, வேற வேகத்துல ஓடற மெஷினுக்குப் போயிட்டா கணக்கே மாறிடும். அதனால லினக்ஸ்ல விஎம் ஓட்டற கேவிஎம்மோட கிளாக்ல ஹோஸ்ட் ஒவ்வொரு விசிபியுவுக்கும் நினைவகத்துல ஒரு சீட்டு எழுதி வைக்கும், "எண்ணி இவ்வளவு இருந்தப்ப நேரம் இவ்வளவு நானோசெகண்ட், அதுக்கப்புறம் துடிப்புக்கு இவ்வளவு கூட்டிக்கோ"ன்னு. ஆனா ஒவ்வொரு சீட்டும் ஒவ்வொரு நொடியில எழுதினது, அதனால கூட்டல்ல பொடிப்பொடியா வித்தியாசம் வரும். 2010ல இதுக்கு லினக்ஸ்ல ஒரு பேட்ச் போட்டாங்க, கடைசியா சொன்ன நேரம்னு எல்லா விசிபியுவுக்கும் பொதுவா ஒரே ஒரு மாறி (வேரியபிள்), என் கணக்கு அத விட கொறஞ்சு வந்தா என் கணக்க விட்டுட்டு அதையே சொல்லணும். பாருங்க, இதுல எந்தக் கடிகாரத்தையும் யாரும் திருத்தல! ஒத்திசைவே பண்ணாம வரிசைய மட்டும் காப்பாத்தினாங்க. (வெல என்னன்னா நேரம் கேக்கற எல்லாரும் அந்த ஒரே மாறிகிட்ட வரிசையில நிக்கணும், விசிபியு நெறய இருந்தா இழுக்கும். அப்புறம் வந்த மாஸ்டர் கிளாக் முறையில எல்லாருக்கும் ஒரே சீட்டு, எண்ணிய நம்பலாம்னு ஹோஸ்ட் ஒரு கொடி காட்டினா அந்த மாறிய தொட வேண்டியதில்ல.)

அதனால என் முன்மொழிவு, வெளி நேரத்தோட சேத்து வைக்கற வேலைக்கு ஒத்திசைவு அப்படியே இருக்கட்டும், வரிசை கெடாத உத்தரவாதத்துக்கு முன்பின் மாறாமை, அது கெட்டுப்போனா முன்பின் பிறழ்வு. "முரணின்மை" (கன்சிஸ்டன்சி)ன்னு ஒருத்தர் சொல்லியிருந்தார், தப்பில்ல, ஆனா அது டேட்டாபேஸ்லயும் தர்க்கத்துலயும் ஏற்கனவே வேல செய்யுது, கேட்ட ஒடனே நேரம்னு தோணாது. முன்பின்னு சொன்னா எங்கம்மாவுக்கும் புரியும்.

கடிகார வித்தியாசத்துக்கான ஆங்கிலச் சொற்களான ஸ்க்யூ, டிரிஃப்ட் ரெண்டையும் "விலகல்"னு ஒண்ணா கட்டிடலாம்னு இங்க வந்த யோசனைய நான் ஒத்துக்கல. ஆங்கிலத்துலயே அது கொழப்பம்தான், பல பாடப்புத்தகங்கள்ல ஸ்க்யூன்னா ரெண்டு கடிகாரம் காட்டற நேரத்தோட வித்தியாசம், ஆனா 1992ல டேவிட் மில்ஸ் எழுதின என்டிபி ஆவணம் ஆர்எஃப்சி 1305ல அதுக்குப் பேர் ஆஃப்செட், ஸ்க்யூன்னா வேகத்தோட வித்தியாசம். அந்தக் கொழப்பத்த நாம எதுக்கு எறக்குமதி பண்ணணும்? நேர வித்தியாசத்துக்கு நேர விலகல், வேக வித்தியாசத்துக்கு ஓட்ட விலகல். "கடிகாரம் ஓடுது"ன்னுதான சொல்றோம், அதனால ஓட்டம் தானா வந்து பொருந்துது.

மோனோடோனிக் கிளாக்குக்கு (பின்னாடி போகாத கடிகாரம்) "ஓரியல்புக் கடிகாரம்"னு வந்திருந்தது. கணக்குல எறங்கிக்கிட்டே போற சார்பும் (ஃபங்ஷன்) ஓரியல்புதான், நமக்கு வேண்டியது பின்னாடி போகக்கூடாதுங்கறது மட்டும். அணையா விளக்கு, வாடா மலர் மாதிரி பின்செல்லாக் கடிகாரம்னு வைக்கலாம், நின்னாலும் நிக்கட்டும், பின்னாடி மட்டும் போகாது. நடுவுல க் போடணும், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும்.

ஒண்ணு மட்டும் எனக்கு முடியல. செயலின்னா இப்ப எல்லாருக்கும் ஃபோன்ல இருக்கற ஆப்தான், "செயலிகளுக்கிடையே முன்பின் மாறாமை"ன்னு எழுதினா ரெண்டு ஆப்புக்கு நடுவுலன்னு படிச்சிடுவாங்க. ப்ராசஸருக்கு நான் இப்போதைக்கு நுண்செயலின்னு போட்டு வச்சிருக்கேன், ஆனா "மெய்நிகர் நுண்செயலி" வாய்க்குள்ள நொழைய மாட்டேங்குது. இதுக்கு யார்கிட்டயாவது நல்ல சொல் இருக்கா?