ராக்கெட் கோட்டில் அந்த இடைவெளி: ஒரே ஷாட்டா, ஒட்டுப்போட்டதா?

வைகைக்கரையான்:
திருமங்கலத்தான் நேற்று இரவு போட்ட படத்தைப் பார்த்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 2017 ஆகஸ்ட் 31, பிஎஸ்எல்வி சி39 ராக்கெட் கிளம்பியது, பழவேற்காட்டிலிருந்து எடுத்தது, ஏரித் தண்ணீரில் அதன் சுடர்க் கோடு நீளமாக விழுந்திருக்கிறது, அதெல்லாம் சரி. கீழே என்ன எழுதியிருக்கிறார்? "சாயங்கால லாங் எக்ஸ்போஷர், ஒரே ஷாட். 4 நிமிடம் ஷட்டரைத் திறந்தே வைத்திருந்தேன். கோட்டின் நடுவில் தெரியும் இடைவெளிதான் முதல் நிலை கழன்ற நேரம்." பிஎஸ்எல்வியில் முதல் நிலை, அதாவது முதலில் எரியும் அடிப்பகுதி, கிட்டத்தட்ட 110 விநாடியில் கழலும், ஒரு விநாடி ஆவதற்குள் இரண்டாம் நிலை பற்றிக்கொள்ளும். அதற்கு மயிரிழை இடைவெளிகூட விழாது. இவர் படத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு இருக்கிறது. இரண்டு ஃபிரேமை ஒட்டியிருக்கிறார். ஒட்டினேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே?

திருமங்கலத்தான்:
வாங்கண்ணே, இன்னும் காணோமே என்று பார்த்தேன். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிச் சென்னை போய், அங்கிருந்து பழவேற்காடு போய், சேற்றில் ட்ரைபாடை ஊன்றி நின்றவன் நான். நீங்கள் அண்ணாநகர் மொட்டைமாடியில் உட்கார்ந்து விநாடி எண்ணுகிறீர்கள். ஐஎஸ்ஓ 100, எஃப் 16, நாமே மூடும்வரை ஷட்டர் திறந்திருக்கும் பல்ப் மோட், கையில் ரிமோட் கேபிள். ஒரு தடவை திறந்தேன், ஒரு தடவை மூடினேன். இடைவெளி ராக்கெட்டில் இருந்தது, என் கேமராவில் இல்லை.

மேலூர்வாசி:
ஒரு சந்தேகம். ராக்கெட் கிளம்பியது 7 மணிக்கு. ஆகஸ்ட் கடைசியில் அந்தப் பக்கம் ஆறேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். முக்கால் மணி நேரம் கழித்து எடுத்ததைச் சாயங்காலம் என்பதா, இரவு என்பதா? வானத்தில் எவ்வளவு வெளிச்சம் மிச்சம் என்று தெரிந்தால்தானே 4 நிமிடம் திறந்து வைக்க முடியுமா என்று பேச முடியும்?

வைகைக்கரையான்:
சாயங்காலமோ ராத்திரியோ, அது கிடக்கட்டும் தம்பி. இடைவெளிக்கு வாங்க. முதல் நிலை திட எரிபொருள், அலுமினியத் தூள் கலந்தது, வெள்ளைவெளேர் என்று கண் கூசும். இரண்டாம் நிலை விகாஸ் இன்ஜின், திரவ எரிபொருள், சுடர் மங்கல். அதனால் நிலை மாறிய இடத்துக்கு மேலே கோடு மெலிந்து மங்கியிருக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடைவெளிக்குக் கீழேயும் மேலேயும் அதே தடிமன், அதே வெள்ளை. இரண்டு பக்கமும் எரிவது முதல் நிலைதான். அப்புறம் நடுவில் கழன்றது எது?

மாசிவீதி ஸ்டுடியோ:
கடலோரத்தில் மேகத்துண்டு ஒன்று குறுக்கே வந்திருக்கலாம். இதற்குப் போய் இவ்வளவு சண்டையா?

வைகைக்கரையான்:
மேகம் என்றால் ஓரமெல்லாம் வெளுத்து ஒளி கசிந்திருக்கும். இங்கே கோடு நேராக வெட்டுப்பட்டிருக்கிறது. அப்படியே மேகமாக இருந்தாலும் அவர் மேகம் என்றா எழுதினார்? முதல் நிலை கழன்ற நேரம் என்றல்லவா எழுதினார்!

செல்லூர்க்காரன்:
அன்றைக்கு அந்த ராக்கெட்டே தோல்விதானே, வெப்பக்கவசம் கழலாமல் ஐஆர்என்எஸ்எஸ்-1எச் செயற்கைக்கோள் உள்ளேயே மாட்டிக்கொண்டதே. கோடு விட்டுப்போனது அதனாலாக இருக்குமோ?

வைகைக்கரையான்:
வெப்பக்கவசம் இருப்பது ராக்கெட்டின் தலையில், சுடர் வருவது காலடியில். அது கழல வேண்டிய நேரமும் 3 நிமிடத்துக்கு மேல், இரண்டாம் நிலை எரிந்துகொண்டிருந்தபோது. கவசம் கழலாவிட்டால் சுடர் எப்படி அணையும்? தெரிந்ததைப் பேசுவோம்.

திருமங்கலத்தான்:
தெரிந்ததையே பேசுகிறேன். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன் ஆனில் இருந்தது. 4 நிமிடம் படம், அது முடிந்ததும் படத்தில் விழும் புள்ளிகளைக் கழிக்க அதே அளவுக்கு ஒரு இருட்டுப் படம் எடுத்துக்கொண்டு இன்னொரு 4 நிமிடம் கேமரா பூட்டிக் கிடந்தது, எந்தப் பொத்தானும் வேலை செய்யாது. இரண்டாவது ஃபிரேமை எந்த நேரத்தில் எடுத்திருப்பேன்? இதற்குப் பதில் சொல்லுங்கள், விகாஸ் இன்ஜின் பாடமெல்லாம் அப்புறம் எடுக்கலாம்.

வைகைக்கரையான்:
நாய்ஸ் ரிடக்ஷன் ஆனில் இருந்தது என்று சொல்வதும் நீங்கள்தானே? ரா ஃபைலை, கேமரா பதிந்த அசல் கோப்பை, போடுங்கள், தெரிந்துவிடும்.

திருமங்கலத்தான்:
கேட்டவருக்கெல்லாம் கொடுக்க அது கோயில் பிரசாதம் இல்லை.

வைகைக்கரையான்:
சித்திரைத் திருவிழாப் படத்துக்கும் இதே பதில்தான் வந்தது. எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அழகர் ஆற்றில் இறங்குகிறார், விடிகிற நேரம், பின்னால் தட்டு அளவுக்கு முழு நிலா. சித்ரா பௌர்ணமி நிலா விடியும்போது மேற்கே அல்லவா சாயும்? இவர் படத்தில் வெளுக்கிற கிழக்கு வானத்திலேயே நிலா நிற்கிறது. அன்றைக்கு நிலாவை ஒட்டியவர் இன்றைக்கு ராக்கெட்டை ஒட்ட மாட்டாரா?

செல்லூர்க்காரன்:
அந்தப் படம் வைகையாற்று ஏவி பாலத்தில் நின்று எடுத்ததுதானே? பாலத்தின் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் கிழக்கு, மேற்கு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

வைகைக்கரையான்:
நான் பிறந்து வளர்ந்தது அந்த ஆற்றங்கரையில். எனக்கா திசை சொல்கிறீர்கள்?

திருமங்கலத்தான்:
விஷயம் வெளியே வந்துவிட்டது. ராக்கெட்டும் இல்லை, இடைவெளியும் இல்லை, போட்டோ போட்டியில் என் அழகர் படம் முதலில் வந்ததும் இவர் படம் திரும்பி வந்ததும்தான் உறுத்துகிறது. என்னுடைய 70-200 லென்ஸைக் கல்யாண வேலைக்கு என்று வாங்கிப்போய் மழைக்காலம் முழுக்க அட்டைப்பெட்டியில் போட்டு, உள்ளே பூஞ்சை பிடித்தபின் திருப்பிக் கொடுத்தவர் நேர்மை பேசுகிறார்!

வைகைக்கரையான்:
பூஞ்சை ஏற்கெனவே இருந்தது. வாங்கின அன்றே சொன்னேன்.

திருமங்கலத்தான்:
யாரிடம் சொன்னீர்கள்?

மேலூர்வாசி:
7 மணி அந்தியா இரவா என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

மாசிவீதி ஸ்டுடியோ:
லென்ஸ் விவகாரத்தில் என்னை இழுக்காதீர்கள், கிளீன் பண்ணியது நான்தான், யார் பக்கமும் சாட்சி சொல்ல மாட்டேன்.

வைகைக்கரையான்:
லென்ஸ் கதையை ஆரம்பித்ததே கேள்வியை மறக்கடிக்கத்தான். திரும்பவும் கேட்கிறேன்: இடைவெளிக்கு மேலே கோடு ஏன் மங்கவில்லை? ரா ஃபைல் எங்கே?

திருமங்கலத்தான்:
முதலில் லென்ஸ் கிளீன் பண்ணிய காசை அனுப்புங்கள் அண்ணே, அப்புறம் ரா ஃபைல் பற்றிப் பேசுவோம்.