புதுப்பிப்பு: பெங்களூரில் ஒரே நாளில் பல ஃபிளாட் பார்ப்பவர்களுக்கு

முந்தைய பதிவில், பார்க்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லியிருந்தோம். அது சரிவராது. மூன்றாவது வீட்டுக்குள் நுழையும்போதே முதல் வீட்டுக்குப் போட்ட 7-க்கு அர்த்தம் மாறிவிடுகிறது. மதிப்பெண்ணை விட்டுவிட்டு, அளந்ததை மட்டும் எழுதுங்கள்.

முதலில் விலை. புரோக்கர் சொல்வது சூப்பர் பில்ட்-அப் கணக்கு, அதாவது படிக்கட்டு, லிஃப்ட் மாதிரி பொது இடங்களில் உங்கள் பங்கையும் சேர்த்த பரப்பு. 1,200 சதுர அடி, அடிக்கு 8,400 என்றால் 1,00,80,000 ரூபாய்; கார்ப்பெட் ஏரியா (வீட்டுக்குள் நிஜமாகப் புழங்கும் இடம்) 780 என்றால் உண்மையில் அடிக்கு 12,923. இன்னொன்று 1,120 சதுர அடி, அடிக்கு 8,900, கார்ப்பெட் 820. கேட்க அடி விலை அதிகம், ஆனால் கார்ப்பெட் கணக்கில் 12,156தான். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி கார்ப்பெட்டில் உள்சுவர் சேரும். பால்கனியும் வெளிச்சுவரும் சேராது. பால்கனியைச் சேர்த்துச் சொல்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்து தண்ணீர். காவேரி இணைப்பா, போர்வெல்லா, டேங்கரா? வாட்ச்மேனிடம் தனியாகக் கேளுங்கள், விற்பவரிடம் அல்ல. ஏப்ரல் மாத மெயின்டனன்ஸ் பில்லை வாங்கிப் பார்த்தால் டேங்கர் செலவு தெரிந்துவிடும்.

ஏ காத்தாவா பி காத்தாவா (காத்தா என்பது மாநகராட்சியின் சொத்துப் பதிவு; ஏ என்றால் விதிப்படி உள்ளது, பி என்றால் ஏதோ குறை உள்ளது), ஓசி, அதாவது குடியேறலாம் என்ற சான்றிதழ், இருக்கிறதா என்பதை வீடு பார்க்கப் போகும் முன்பே வாட்ஸ்அப்பில் கேட்டுவிடலாம். பதில் வராத வீட்டுக்கு அலைய வேண்டாம்.

போட்டோ எடுக்கும்போது முதல் படம் கதவு எண்ணாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ராத்திரி எந்த சமையலறை எந்த வீட்டுடையது என்று குழம்பும். மாரத்தஹள்ளி மாதிரி இடங்களின் டிராஃபிக்கையும் கணக்கில் வைத்தால், ஒரு நாளைக்கு மூன்று வீடு போதும்.