39 டாலர் கட்டணுமாம்

குழு: மேலவாசல் சொந்தங்கள்
சனிக்கிழமை

காலை 7:41 - பாபு: தமிழு இருக்கியாம்மா. கவின் ராத்திரி போன் பண்ணி 39 டாலர் வேணும்னான் ஏதோ கட்டுரை படிக்கணுமாம் வெளிநாட்டு கம்பெனியாம் கார்டு நம்பர் போட்டாதான் தெறக்குமாம். நம்ம காசுக்கு மூவாயிரத்துக்கு மேல வருது. நான் முந்தாநேத்துலேர்ந்து கொள்முதல் நிலையத்துல நெல்ல கொட்டிட்டு காவல் கெடக்கேன், ஈரம் 17 சதவீதத்துக்கு மேல போனா எடுக்க மாட்டாங்க, மானம் வேற கருத்துக்கிட்டு நிக்கிது. இது ஏதும் மோசடியா இருக்குமோ

காலை 7:44 - செல்வி கும்பகோணம்: கட்டாதடா பாபு. எங்க தெருவுல ஒருத்தருக்கு இப்டிதான் லிங்க் வந்து எம்பதாயிரம் போச்சு

காலை 7:46 - விஜயா: சாப்டியான்னு கேட்டா பதில் இல்ல அண்ணி டாலர் மட்டும் கேக்குறான்

காலை 8:15 - கவின்: அம்மா சாப்ட்டேன் பொங்கல். அப்பா மோசடிலாம் இல்லப்பா அது ஜர்னல், ஆராய்ச்சி கட்டுரை போடுற பத்திரிகை. எங்க ப்ராஜெக்ட்டுக்கு கடலோரத்துல நெலத்தடி தண்ணி உப்பாவுறத பத்தி ஒரு ஆர்ட்டிகிள் தேவப்படுது, ரூம்ல உக்காந்து தேடுனேன் மொத பக்கம் மட்டும் காட்டிட்டு மிச்சத்துக்கு 39.95 டாலர்னு வருது. கைடு திங்கக்கிழமை கேப்பாரு

காலை 8:16 - கவின்: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

காலை 8:17 - செல்வி கும்பகோணம்: என்னடா அழிச்ச

காலை 8:17 - கவின்: ஒண்ணுமில்ல அத்த

காலை 9:22 - தமிழரசி: இப்பதான் பாக்குறேன் சித்தப்பா, யுனிவர்சிட்டி லைப்ரரில சனிக்கிழமை டூட்டி, வந்து பீரோ தொறந்து கம்ப்யூட்டர்லாம் போட்டுட்டு உக்காந்தேன். ஒத்த பைசா கட்டாதீங்க. மோசடியும் இல்ல ஆனா கட்டவும் வேணாம்

காலை 9:29 - தமிழரசி: கவின் கேளு. ஒரே நாடு ஒரே சந்தான்னு ஒரு திட்டம் இருக்கு, 2024 நவம்பர்ல மத்திய அரசு ஒத்துக்கிட்டு 2025 ஜனவரி 1லேர்ந்து நடக்குது. 30 பதிப்பகத்தோட கிட்டத்தட்ட 13,000 ஜர்னலுக்கு மொத்தமா பணம் கட்டியாச்சு, மூணு வருஷத்துக்கு 6,000 கோடி. கவர்மெண்ட் யுனிவர்சிட்டி கவர்மெண்ட் காலேஜ் புள்ளைங்க எல்லாருக்கும் அது உண்டு. உன் யுனிவர்சிட்டியும் அதுல வரும். நீ கேம்பஸ் நெட்டுல இருந்தா அந்த பக்கம் தானா தெறந்துரும், ரூம்ல உன் மொபைல் டேட்டாவுல போனா நீ யாருன்னு அதுக்கு தெரியாது, அதான் டாலர் கேக்குது. பூட்டு போட்டது உனக்கு இல்ல, சாவி பாக்கெட்ல இருக்கு நீ கதவ ஒடைக்க காசு கேக்குற 😄

காலை 9:31 - பாபு: 6000 கோடியா. அது நம்ம வரிப்பணந்தானே அப்பறம் எதுக்குடா எங்கிட்ட டாலர் கேட்ட

காலை 9:33 - கவின்: எனக்கு யாரும் சொல்லலப்பா

காலை 9:40 - தமிழரசி: அதுவும் உண்மதான் சித்தப்பா அவன மட்டும் சொல்லக்கூடாது. மொத வருஷம் சேந்தப்ப ஒரு நாள் லைப்ரரிய சுத்திக்காட்டி ஒரு மணி நேரம் படம் போட்டு காட்டுவாங்க, அன்னிக்கு பாதி பேரு பஸ் பாஸ் வாங்க போயிருவாங்க மீதி பேரு தூங்குவாங்க. எங்க கவுண்டருக்கு வர்ற பசங்க கேக்குற மொத கேள்வியே சார்ஜ் போட பிளக் பாயிண்ட் எங்க இருக்குங்கிறதுதான், ரெண்டாவது வைபை பாஸ்வேர்டு. ஜர்னல் எங்கன்னு கேட்டவங்கள விரல் விட்டு எண்ணிரலாம். நாங்க என்ன கடிச்சா திங்கப்போறோம் கேளுங்கப்பா

காலை 9:42 - செல்வி கும்பகோணம்: உன் மூஞ்ச பாத்தா பயந்துருப்பாங்க தமிழு சின்ன வயசுலயே நீ அப்டிதான் உர்ருன்னு இருப்ப

காலை 9:43 - தமிழரசி: அத்த 😐

காலை 9:51 - தமிழரசி: கவின், வீட்டுலேர்ந்தே பாக்கவும் வழி இருக்கு. இன்ஃபெட்னு ஒரு லாகின். உங்க லைப்ரரில ஐடி கார்ட காட்டி மெயில் ஐடி குடுத்தா யூசர்நேம் போட்டு தருவாங்க, அத வச்சு ரூம்ல இருந்தும் தெறக்கலாம். இன்னிக்கி உங்க லைப்ரரி தெறந்துதான் இருக்கும் நேர்ல போ. அப்டியும் அந்த ஜர்னல் சந்தாவுல இல்லன்னா கவுண்டர்ல கேளு, வேற லைப்ரரிலேர்ந்து நகல் வரவழைச்சி குடுப்பாங்க ரெண்டு மூணு நாளாவும். இல்லன்னா கட்டுரை எழுதுன ஆளுக்கே ஒரு மெயில் போடு, மொத பக்கத்துலயே மெயில் ஐடி இருக்கும், பெரும்பாலும் சந்தோசமா அனுப்பிருவாங்க, எழுதுனவருக்கு அந்த 39 டாலர்ல ஒண்ணும் போறதில்ல

காலை 9:53 - கவின்: அவருக்கு காசு போவாதா??

காலை 9:54 - தமிழரசி: போவாது. பதிப்பகத்துக்குதான் போவும்

காலை 9:55 - பாபு: நெல்லு மாதிரிதான் போலருக்கு. விளைய வக்கிறவன் ஒருத்தன்

காலை 10:02 - தமிழரசி: அப்பறம் சோத்கங்கான்னு ஒரு சைட்டு இருக்கு, இந்தியாவுல பிஹெச்டி பண்ணவங்களோட ஆய்வேடெல்லாம் முழுசா ஏத்தி வச்சிருக்காங்க, காந்திநகர்ல இருக்குற இன்ஃப்லிப்நெட்னு யுனிவர்சிட்டி லைப்ரரிகளுக்கான மத்திய அரசு மையம் நடத்துறது, 5 லட்சத்துக்கு மேல ஆய்வேடு இருக்கு லாகின் கூட வேணாம் யார் வேணா படிக்கலாம். நாகப்பட்டினம் வேதாரண்யம் நெலத்தடி நீருன்னு போட்டு தேடிப்பாரு. ஆனா பத்தி பத்தியா எடுத்து ஒட்டிராத, உன் ப்ராஜெக்ட்டையும் மென்பொருள்ல போட்டு ஒப்பிடுவாங்க. யுஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக்குழு, 2018ல போட்ட விதிப்படி மத்தவங்க எழுதுனதோட ஒத்துப்போறது 10 சதவீதம் வரைக்கும்னா விட்டுருவாங்க, 10க்கு மேல 40 வரைக்கும்னா திருத்திட்டு வான்னு திருப்பி விட்டுருவாங்க

காலை 10:05 - செல்வி கும்பகோணம்: அப்ப பாபு ஸ்கூல்ல படிச்சப்ப இது இருந்துருந்தா நூத்துக்கு நூறு சதவீதம்

காலை 10:06 - பாபு: அக்கா நெல்லு காவக்காத்துகிட்டு இருக்கேன் என்ன விட்ருங்க

காலை 10:48 - கலியபெருமாள்: எல்லாத்தையும் படிச்சேன். எழுத்து சின்னதா இருக்கு கண்ணாடி போட்டு படிச்சேன். தமிழு நல்லா சொன்ன. லைப்ரரின்னதும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு, இந்த குரூப்புக்கு மேலவாசல்னு பேர் வச்சிருக்கீங்களே மன்னார்குடி மேலவாசல்ல என்ன நடந்துச்சுன்னு எத்தன பேருக்கு தெரியும். 1931 அக்டோபர்ல கனகசபைப் பிள்ளைன்னு ஒரு ரிட்டையர்டு இஞ்சினியர் மாட்டு வண்டில புஸ்தகத்த அடுக்கி ஊர் ஊரா அனுப்புனாரு. நடமாடும் நூலகம்னு இன்னிக்கி நம்ம பக்கம் வேன்ல வர்றதுக்கெல்லாம் அதான் முன்னோடி. தொடங்கி வச்சது யாரு தெரியுமா இந்திய நூலகத்துறையோட தந்தைன்னு சொல்றாங்களே, நம்ம சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன்

காலை 10:50 - விஜயா: நெசமாவா மாமா. நான் இத்தன வருஷம் மருமவளா இருக்கேன் இது தெரியாதே

காலை 10:51 - கலியபெருமாள்: நீ கேக்கலியே

காலை 10:58 - தமிழரசி: பெரியப்பா சூப்பர்!! எங்க லைப்ரரி படிப்புல மொத பாடமே அவருதான். அவரு முதல்ல கணக்கு வாத்தியார். 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரியனா போனாரு, போயி உக்காந்தா தனியா இருக்க போரடிக்குதுன்னு திரும்பி காலேஜுக்கே ஓடப்பாத்தாரு. மொதல்ல லண்டன் போயி படிச்சிட்டு வாங்க அப்பறம் பாப்போம்னாங்க. போயிட்டு வந்தவரு லைப்ரரிய விடவே இல்ல. அதே 1931லதான் லைப்ரரி எப்டி நடக்கணும்னு அவரு சொன்ன அஞ்சு விதி புஸ்தகமும் வந்துச்சு. நாலாவது விதி வாசகரோட நேரத்த மிச்சம் பண்ணுங்கிறது. அவரு பொறந்த நாளுன்னுதான் ஆகஸ்ட் 12 நூலகர் தினம் வைக்கிறோம், அன்னிக்கு எங்களுக்கு ஒரு சால்வையும் மிக்சர் பொட்டலமும்

காலை 11:00 - செல்வி கும்பகோணம்: அப்ப மாட்டு வண்டில வந்த புஸ்தகந்தான் இப்ப லாகின்ல வருதுன்னு சொல்லு

காலை 11:03 - செல்வி கும்பகோணம்: தமிழு எனக்கு ஒரு சந்தேகம். வெளியாளுங்க உங்க லைப்ரரிக்குள்ள வரலாமா. நம்ம மீனா குரூப் 4க்கு படிக்கிறா வீட்டுல டிவி சத்தம்

காலை 11:10 - தமிழரசி: எங்க லைப்ரரில பழைய மாணவர்னா சந்தா கட்டி உள்ள உக்காந்து படிக்கலாம் அத்த, மத்தவங்க லெட்டர் ஐடி கார்டு கொண்டு வந்தா ரெஃபரன்ஸ் மட்டும் பாக்கலாம், புஸ்தகம் வீட்டுக்கு தர மாட்டோம். ஒவ்வொரு யுனிவர்சிட்டிக்கும் ஒரு மாதிரி. மீனாவுக்கு இதுக்கு இவ்ளோ தூரம் பஸ்ஸுல வரவேணாம், உங்க ஊரு பொது நூலகத்துலயே போட்டித்தேர்வு புஸ்தகம் இருக்கும் அங்க போவ சொல்லுங்க. நவம்பர் 14லேர்ந்து 20 வரைக்கும் நூலக வாரம், நாங்க புஸ்தக கண்காட்சி போடுவோம் அப்ப எல்லாரும் வாங்க, நானே சுத்திக்காட்றேன்

காலை 11:12 - செல்வி கும்பகோணம்: மிக்சர் உண்டா

மதியம் 1:37 - கவின்: அக்கா லைப்ரரில இருக்கேன். தெறந்துருச்சு!!! முழுசா 14 பக்கம். கவுண்டர்ல இருந்த மேடம் லாகினும் போட்டு தந்தாங்க ரெண்டு நிமிஷம் கூட ஆவல

மதியம் 1:38 - விஜயா: மதிய சாப்பாடு?

மதியம் 1:38 - கவின்: போறேன்மா

மதியம் 1:40 - பாபு: 39 டாலர் மிச்சம். சரி அதுல என்னதான்டா போட்டுருக்கு நம்ம ஊரு தண்ணி மாதிரி எதும் சொல்லிருக்கானா

மதியம் 1:52 - கவின்: நம்ம கதையேதான்ப்பா. நல்ல தண்ணி லேசு, உப்புத்தண்ணி கனம், அதனால கடலோரத்துல மண்ணுக்கடியில நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மெதந்துகிட்டு நிக்கும். கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா கீழ ஏறக்கொறைய 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும்னு ஒரு கணக்கு இருக்கு. திருப்பி பாத்தா மேல ஒரு அடி எறங்குனா கீழேர்ந்து உப்பு 40 அடி ஏறி வரும். மோட்டார் போட்டு எல்லாரும் இழுக்க இழுக்க அது ஏறிக்கிட்டேதான் இருக்கும்

மதியம் 1:54 - பாபு: இரு இரு. அப்ப போர இன்னும் ஆழமா எறக்குனா?

மதியம் 1:55 - கவின்: ஏன்ப்பா

மதியம் 1:57 - பாபு: நெல்லு காசு வந்ததும் இன்னும் 60 அடி எறக்கலாம்னு போர்க்காரன்ட்ட சொல்லி வச்சிருக்கேன். தண்ணி கரிக்கிதுல்ல, ஆழத்துல போனா நல்லா இருக்கும்னான் அட்வான்ஸ் அஞ்சாயிரம் கேட்டான் ரெண்டாயிரம் குடுத்துருக்கேன்

மதியம் 1:58 - விஜயா: ரெண்டாயிரம் குடுத்தீங்களா? எங்கிட்ட சொல்லவே இல்ல

மதியம் 2:04 - கவின்: எறக்காதப்பா. மேல் ஊத்துலயே உப்பு ஏறிருக்குன்னா அதே மண்ணுல ஆழமா போனா உப்ப நோக்கித்தான் போறோம். எல்லா எடத்துலயும் இப்டி இல்ல, நடுவுல களிமண் இருந்தா அதுக்கு கீழ வேற ஊத்து நல்லா இருக்கலாம், அது நம்ம எடத்துல எப்டின்னு பாக்கணும். சோத்கங்காவுல நம்ம பக்கத்த பத்தி ஒண்ணு இருக்கான்னு தேடிட்டு இருக்கேன்

மதியம் 2:09 - கலியபெருமாள்: தம்பி சொல்றத கேளு பாபு. அவசரப்படாத

மதியம் 2:11 - பாபு: சரிண்ணே. டேய் கவின் அத கடையில பிரிண்ட் போட்டுட்டு வா, எழுத்து பெருசா போடச்சொல்லு. போர் எடுத்தப்ப வந்த மண்ணெல்லாம் எத்தன அடிக்கு என்ன கலருன்னு உங்கம்மா ஒரு நோட்டுல எழுதி வச்சா

மதியம் 2:12 - விஜயா: அரிசி டின்னுக்கு பின்னாடி இருக்கு எடுத்து வக்கிறேன்

மதியம் 2:13 - தமிழரசி: சித்தி அந்த நோட்ட பத்தரமா வைங்க, பேப்பர்காரன்ட்ட போட்றாதீங்க

மதியம் 2:26 - பாபு: டோக்கன் கூப்புட்டாச்சு. ஈரம் பதினாறர. மூட்ட ஏத்தப்போறேன் அப்பறம் பேசுறேன்