ஜூலையில் சுறாவும் சஃபாரியும்: தென்னாப்பிரிக்காவில் 10 நாள், சரியாக வருமா?

பொள்ளாச்சிக்காரன்:
வணக்கம். வரும் ஜூலையில் நானும் மனைவியும் தென்னாப்பிரிக்கா போகிறோம். என்னிடம் ஓப்பன் வாட்டர், அதாவது ஸ்கூபா டைவிங்கின் முதல் நிலைச் சான்றிதழ் இருக்கிறது, அந்தமானில் எடுத்தது. லாக்புக்கில் மொத்தம் 22 டைவ். அவளுக்கு நீச்சல் தெரியாது, ஆனால் காடு என்றால் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவாள். டாப்ஸ்லிப்பில் யானை துரத்தியும் ஆசை விடவில்லை.

என் கணக்கு இது: க்ரூகர் தேசியப் பூங்காவில் நான்கு நாள். பிறகு கேப் டவுன் பறந்து, கான்ஸ்பாயில் கூண்டுக்குள் இறங்கி வெள்ளைச் சுறா. அப்புறம் டர்பன், அலிவால் ஷோல் என்ற கடலடிப் பாறைத்திட்டில் ஸ்கூபா. கடைசி நாள் காலை இரண்டு டைவ், மாலை 5 மணிக்கு ஜோகன்னஸ்பர்க் விமானம், அங்கிருந்து ஊருக்கு. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நாடோடி_73:
கான்ஸ்பாயைக் கண்டிப்பாக வையுங்கள். 2014இல் போனேன். ஒரே காலையில் ஐந்து வெள்ளைச் சுறா! கூண்டு கடல் மட்டத்திலேயே மிதக்கும், மூச்சைப் பிடித்துக் குனிந்தால் போதும், ஸ்கூபாவே தேவையில்லை. தண்ணீர்தான் ஐஸ்.

தூத்துக்குடி_டர்பன்:
நாடோடி சார், நீங்கள் பார்த்த கான்ஸ்பாய் இப்போது இல்லை. 2017இல் கல்லீரல் மட்டும் காணாமல் போன வெள்ளைச் சுறாக்கள் அங்கே கரை ஒதுங்கின. இரண்டு ஓர்க்காக்களின், அதாவது கொலைகாரத் திமிங்கிலங்களின் வேலை. ஒன்றின் முதுகுத் துடுப்பு இடப்பக்கமும் மற்றதன் துடுப்பு வலப்பக்கமும் சாய்ந்திருக்கும், அதனால் கப்பல்காரர்கள் இடம், வலம் என்பதற்குச் சொல்லும் போர்ட், ஸ்டார்போர்டு என்று பெயர். அதன் பிறகு அந்தப் பகுதியில் வெள்ளைச் சுறா அரிதாகிவிட்டது. இன்று கூண்டுக்கு முன் வருவது பெரும்பாலும் வெண்கலச் சுறா. அதுவும் அழகுதான். ஆனால் வெள்ளைச் சுறாவுக்காகவே பறந்து போய் ஏமாறக் கூடாது. ஜூலையில் கேப் பக்கம் குளிர்காலப் புயல் வேறு, படகு ரத்தானால் அந்த நாளே வீண்.

பொள்ளாச்சித் தம்பி, நான் டர்பனில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். என் யோசனை, கேப் டவுனையும் க்ரூகரையும் இந்த முறை விட்டுவிடுங்கள். டர்பன் இருக்கும் க்வாசுலு-நடால் மாகாணத்துக்குள்ளேயே சுறாவும் சஃபாரியும் முடியும், உள்ளே ஒரு விமானம்கூட வேண்டாம்.

முதலில் உம்கோமாஸ். டர்பனுக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர், அலிவால் ஷோலுக்கு அங்கிருந்துதான் படகு. ஜூலை என்றால் ராகி, அதாவது பல் துருத்திய சுறா, குகைகளில் வந்து நிற்கும் காலம். மேலே வந்து காற்றை விழுங்கிக்கொண்டு, அந்தரத்தில் தொங்கவிட்ட மாதிரி அசையாமல் நிற்கும். வாயை மூடினாலும் பல் மூடாது, பார்த்தால் பயமாக இருக்கும், குணம் சாது. நெருங்கிப் போய்த் தொந்தரவு செய்யாதீர்கள். ஒருமுறை எங்களுடன் வந்தவர் குகை வாசலை மறித்துக்கொண்டு கேமராவை நீட்டினார். உள்ளே இருந்தது வாலை ஒரு சுழற்று சுழற்றிப் பாய்ந்தது பாருங்கள், தண்ணீருக்கடியில் துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். அன்று எல்லோருடைய காற்றும் சீக்கிரம் தீர்ந்தது.

அதைவிட எனக்குப் பிடித்தது படகு இறக்குவது. துறைமுகம் கிடையாது, ஆற்று முகத்துவாரம்தான். ரப்பர் படகில் லைஃப் ஜாக்கெட் போட்டு, தரையிலுள்ள பட்டைக்குள் காலைச் செருகிக்கொள்ள வேண்டும். படகோட்டி அலையை எண்ணியபடி காத்திருப்பார். எங்கள் ஊர் வள்ளக்காரர்கள் கரையில் நின்று எண்ணுவார்களே, அதேதான். இடைவெளி கிடைத்ததும் ஒரே பாய்ச்சல். காலையில் இட்லி குறைவாகச் சாப்பிடுங்கள்!

ஓப்பன் வாட்டர் என்றால் 18 மீட்டர்தான் எல்லை. கதீட்ரல் என்ற இடம் அதற்குக் கீழே, அட்வான்ஸ்டு என்ற அடுத்த நிலைச் சான்றிதழ் கேட்பார்கள். முடிந்தால் வருவதற்கு முன் முடித்துவிடுங்கள்.

முக்கியமானது உங்கள் கடைசி நாள். காலை இரண்டு டைவ், மாலை விமானமா? வேண்டவே வேண்டாம். ஒரே ஒரு டைவ் என்றாலே 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் போனால் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும். நான் 24 வைத்துக்கொள்வேன். காரில் போகிறேன் என்றாலும் ஜோகன்னஸ்பர்க் நகரமே சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உயரே போனால் காற்றழுத்தம் குறைந்து, டைவில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகிவிடும், அதற்கு விமானமும் மலையும் ஒன்றுதான். அதனால்தான் கடல் முதலில், காடு பிறகு என்கிறேன்.

டைவ் முடிந்த மறுநாள் காலை என்2 சாலையில் வடக்கே ஷ்லூஷ்லுவே-இம்ஃபோலோசி காட்டுக்குக் கிளம்புங்கள். 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1895இல் காப்புக்காடானது. இன்று உலகில் இருக்கும் தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகங்களுக்கெல்லாம் பூர்வீகம் இதுதான். சொந்தக் காரிலேயே சுற்றலாம், நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஜூலையில் புல் காய்ந்து தாழ்ந்திருக்கும், மிருகம் கண்ணில் படும். கொம்பில்லாத காண்டாமிருகத்தைப் பார்த்தால் திகைக்க வேண்டாம். வேட்டைக்காரர்களுக்கு ஆசை வரக் கூடாதென்று 2024இல் காப்புக்காட்டு நிர்வாகமே கொம்பை அறுக்க ஆரம்பித்தது.

பொள்ளாச்சிக்காரன்:
அண்ணா, மிக்க நன்றி. அந்த 24 மணி நேரக் கணக்கைச் சுத்தமாக மறந்திருந்தேன். நான் கடலில் இருக்கும்போது அவள் என்ன செய்வாள்? மலேரியாவுக்கு டாக்டர் மெஃப்ளோகுயின் எழுதிக் கொடுத்திருக்கிறார், அது வேண்டுமா?

ஆழி:
டைவ் அடிப்பவர்களுக்கு மெஃப்ளோகுயின் ஆகாது. தலைசுற்றல், பதற்றம் வரலாம். அது நைட்ரஜன் குமிழியால் வரும் டீகம்ப்ரஷன் நோயா, மாத்திரையின் வேலையா என்று தெரியாமல் போகும். டைவ் அடிக்கிறேன் என்று சொல்லி டாக்டரிடமே வேறு கேளுங்கள். க்ரூகரை விட்டுவிட்டு ஜூலையில் போவதால் மாத்திரை தேவையா என்பதையும் அவரே சொல்லட்டும்.

தூத்துக்குடி_டர்பன்:
தங்கச்சியை அந்த ரப்பர் படகில் ஏற்றாதீர்கள். ஜூலையில் கரையில் உட்கார்ந்தாலே கூனல் திமிங்கிலம் மூச்சு விடுவது தெரியும், ஒரு பைனாகுலர் போதும். காட்டுக்குப் போகும் வழியில் செயின்ட் லூசியாவில் ஒரு இரவு தங்குங்கள். அங்கே கழிமுகத்தில் பெரிய படகு, அலையே இருக்காது, நீர்யானையும் முதலையும் பக்கத்திலேயே. இருட்டியதும் ஊருக்குள் நடக்க வேண்டாம், நீர்யானை தெருவில் புல் மேய வரும்.

இன்னொன்று. காட்டுக்குள் எம்பிலா முகாமில் தங்கினால், அங்கே வேலி கிடையாது. போன வருடம் ஐஸ்பெட்டியை வாசலில் வைத்துவிட்டு டார்ச் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் கழுதைப்புலி பெட்டியோடு கிளம்பிவிட்டது. காலையில் புதருக்குள் மூடி மட்டும் கிடைத்தது.