சர்ட்டிபிகேட் சரியாக இருந்தது, இம்பெல்லர் உதிர்ந்தது

கல்லல் ஃபிட்டர்:
காரைக்குடிப் பக்கம் ஒரு ரசாயன ஆலையில் பம்ப் பராமரிப்பு என் வேலை. நீர்த்த கந்தக அமிலம் ஓடுகிற லைன். பழைய இம்பெல்லர் (பம்ப்புக்குள் சுழன்று திரவத்தைத் தள்ளுகிற இறக்கைச் சக்கரம்) ஆறு வருஷம் உழைத்தது. புதிதாக வார்த்து வாங்கியது நாலாம் மாதமே அழுத்தம் கொடுக்கவில்லை. கழற்றினால், இறக்கை ஓரம் விரல் பட்டதும் மணல் மணலாக உதிர்கிறது. தட்டிப் பார்த்தேன், கணீர் என்ற ஓசையே இல்லை. விரிசல் விட்ட பானை மாதிரி இருந்தது.

சான்றிதழை மூன்று தடவை படித்தேன். குரோமியம் 19, நிக்கல் 10, மாலிப்டினம் 2.3, கார்பன் 0.07 சதவீதம். சிஎஃப்8எம் என்ற வார்ப்பு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிரேடுக்கு எல்லாமே வரம்புக்குள்தான்.

நம்ம ஊரில் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை! அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்து, 1953-இல் திறந்த ஆய்வகம். அங்கே அரிப்பு பற்றிப் படித்த உறவுக்கார அண்ணன் ஒருவரிடம் உடைந்த துண்டைக் கொடுத்தேன். மெருகேற்றி, 10 சதவீத ஆக்ஸாலிக் அமிலத்தில் ஒன்றரை நிமிஷம் மின்சாரம் செலுத்தி, மைக்ராஸ்கோப்பில் காட்டினார். உலோகத்துக்குள் இருக்கிற நுண்ணிய படிக மணி ஒவ்வொன்றையும் சுற்றி வாய்க்கால் வெட்டினது போலப் பள்ளம்.

வார்ப்பு 870-இலிருந்து 425 டிகிரி செல்சியஸ் வரை மெல்ல ஆறினால், கார்பன் மணியோரத்துக் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். ஓரம் நோஞ்சானாகிவிடும், அமிலம் அங்கேதான் நுழையும். 1040 டிகிரிக்கு மேல் சூடாக்கி உடனே தண்ணீரில் முக்கியிருக்க வேண்டும். வார்ப்பாலையில் விசாரித்தால், அன்றைக்கு கிரேன் பழுது, காற்றிலேயே ஆறவிட்டோம் என்றார்கள். இம்பெல்லரைச் சுற்றியிருக்கிற கூடான கேசிங்கும் அதே லோடில் வந்தது. அது துளைத்திருந்தால் பக்கத்தில் நிற்கிற பையன் மேல் அமிலம் தெறித்திருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

தேவகோட்டை மோல்டர்:
அண்ணே, கோவையில் 14 வருஷமாக மோல்டிங் பார்க்கிறேன். தண்ணீரில் முக்கினால் மெல்லிய இறக்கை கோணிக்கொள்ளும் என்று பயந்தே சிலர் தள்ளிப்போடுவார்கள். கோணினால் நிமிர்த்தலாம், இதை என்ன செய்வது? இன்னொன்று, தேய்ந்த இம்பெல்லரையே பேட்டர்னாக (அச்சு எடுக்கிற மாதிரியாக) வைத்து வார்க்கச் சொல்லிக் கொண்டுவருவார்கள். தயவுசெய்து வேண்டாம். இந்த ஸ்டீல் அடிக்குக் கால் அங்குலம் சுருங்கும். தேய்மானமும் சேர்ந்தால் கேசிங்கோடு இடைவெளி எங்கேயோ போய்விடும்.

தொண்டி இறால் பண்ணை:
எங்களுக்குக் கடல்தண்ணீர். இதே கிரேடுதான். ஓடும்போது ஒன்றும் இல்லை. பம்ப்பை நிறுத்தி உப்புத்தண்ணீர் தேங்கினால் கேஸ்கெட் அடியில் குழி விழும். இப்போது நிறுத்தியதும் நல்ல தண்ணீர் விட்டு அலசுகிறோம். அடுத்த செட் டூப்ளெக்ஸில் (உப்புத்தண்ணீரை இன்னும் நன்றாகத் தாங்குகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) சொல்லியிருக்கிறோம்.

கல்லல் ஃபிட்டர்:
தம்பி, இப்போது ஆர்டரிலேயே எழுதிவிடுகிறேன்: உலையின் சூடு பதிவான சார்ட் வேண்டும், உலையிலிருந்து தொட்டிக்குப் போன நேரம் வேண்டும், அதே உருக்கில் வார்த்து அதே கூடையில் வைத்துத் தண்ணீரில் முக்கியெடுத்த சோதனைத் துண்டு ஒன்றும் வேண்டும். அதற்குப் பிறகு வெல்டிங் வைத்து ஓட்டை அடைத்தால், மறுபடி உலைக்குள் போக வேண்டும்.