புதுப்பிப்பு: இணைய வகுப்பில் வாய் திறக்காத தொலைநிலை மாணவர்கள்

மண்டபம், பாம்பன் பக்கத்து மாணவர்கள் இணைய வகுப்பில் பேசுவதே இல்லை, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னதில் பலித்தது வாட்ஸ்அப் குரல்பதிவுதான். பாடம் பொருளியல். முந்தின நாளே கேள்வி போட்டுவிட்டேன்: "61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளி வீட்டு வரவுசெலவு எப்படி ஓடும்?" கடல்பாசி எடுக்கப் போகும் மாணவி அக்கா ஒருவர், காற்று இரைச்சலோடு வந்த குரல்பதிவில், வட்டிக் கணக்கைப் புட்டுப்புட்டு வைத்தார். "நிவாரணத் தொகையை விட்டுட்டீங்களேக்கா" என்று ஒரு தம்பி மடக்க, அப்புறம் எனக்குப் பேச இடமே இல்லை! தொலைநிலைக் கல்வி ஆய்வாளர் மைக்கேல் மூர் 1989-ல் பிரித்துக் காட்டிய மூன்று வகை ஊடாட்டங்களில் (மாணவர்–பாடம், மாணவர்–ஆசிரியர், மாணவர்–மாணவர்) இந்தக் கடைசி வகையைத்தான் நம் பாடத்திட்டங்கள் கண்டுகொள்வதில்லை.

மாணவர்களை இருவர் இருவராகப் பிரித்துப் பேசவிடும் உங்கள் யோசனை மட்டும் இங்கே எடுபடவில்லை. ஒருவருக்கு சிக்னல் போனால் மற்றவர் அம்போ. அடுத்த பாடத்துக்குக் கேள்வி தயாரிக்கும் வேலையை தேவிபட்டினம் மாணவர் குழுவிடமே விட்டிருக்கிறேன்.