மாமரத்தில் உட்கார்ந்திருந்த மீசை வண்டு

கிருஷ்ணகிரியிலிருந்து:
சாயங்காலம் தோப்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டுத் திரும்பும்போது, வயசான பெங்களூரா மாமரத்தின் அடித்தண்டில் இந்த வண்டைப் பார்த்தேன். இரண்டு அங்குலம் இருக்கும், சாம்பல் நிறம். மீசை உடம்பைத் தாண்டிப் பின்னால் வளைந்து போகிறது. கழுத்தின் இரு பக்கமும் முள், கழுத்துக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் இரண்டு திட்டு. பிடித்ததும் கிறீச் கிறீச்சென்று கத்தியது, கீழே போட்டுவிட்டேன். விஷ வண்டு என்கிறார்கள் வேலைக்கு வந்தவர்கள். யாராவது பார்த்திருக்கிறீர்களா?

நத்தத்திலிருந்து:
விஷமெல்லாம் இல்லை தம்பி. ஆனால் தாடை பலமானது, வாய்ப்பக்கம் விரலை வைக்காதீர்கள். அந்த ஆரஞ்சுத் திட்டு இரண்டும்தான் அடையாளம். மாமரத் தண்டுத் துளைப்பான், அறிவியல் பெயர் பட்டோசெரா ரூஃபோமாக்குலேட்டா. மீசை அவ்வளவு நீளம் என்றால் ஆண். சத்தம் வாயிலிருந்து வருவதில்லை, மார்புக் கண்டங்களை உரசி எழுப்புவது.

வண்டு கிடக்கட்டும், மரத்தைப் பாருங்கள். பெண் வண்டு பட்டையைக் கீறி முட்டை வைக்கும். அதிலிருந்து வரும் புழுதான் மாதக்கணக்கில் உள்ளே குடைந்து தின்பது. எங்கள் மரத்தில் ஒரே ஒரு கிளை மட்டும் வாடியது. அந்தக் கிளையோடு கீழே இறங்கிப் பார்த்தால் பட்டையில் ஓட்டை, அதன் வாயில் ஈர மரத்தூளும் நார் நாராகச் சக்கையும். சைக்கிள் ஸ்போக் கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டுத் திருகினேன். வெள்ளைப் புழு, கால் கிடையாது, தலை மட்டும் கறுப்பு, என் நடுவிரல் நீளம். அப்புறம் ஓட்டையைக் களிமண்ணால் அடைத்தேன். மறுபடி புதுத்தூள் கொட்டினால் உள்ளே இன்னொன்று இருக்கிறது என்று அர்த்தம்.

பண்ருட்டியிலிருந்து:
எங்கள் பக்கம் பலாவிலும் இதே வண்டுதான். முந்திரியில் வருவது வேறு. செம்பழுப்பு நிறம், திட்டு இருக்காது. அது அடிமரத்தையும் வேரையும் துளைக்கும், தரையை ஒட்டிப் பிசினும் தூளும் கலந்து வடியும். என்னைக் கேட்டால் அதுதான் மோசம். இலை மஞ்சளாகிறது என்று நாம் கவனிப்பதற்குள் பட்டையைச் சுற்றிவரத் தின்று முடித்திருக்கும்.

கிருஷ்ணகிரியிலிருந்து:
நன்றி அண்ணா. டார்ச் அடித்துப் பார்த்தேன், கவட்டைக்குக் கீழே தூள் கொட்டுகிறது. விடிந்ததும் கம்பியோடு போகிறேன். வேலியோரம் ஓர் அத்தி மரம் நிற்கிறது, அதையும் பார்க்க வேண்டுமா?

நத்தத்திலிருந்து:
கட்டாயம். அத்தி என்றால் அதற்கு உயிர்.